லார்டு துரைக்கு ஒரு மங்கல வாக்கு

ஆடி 22

செந்திலாண்டவன் கைவிடாமல் இருக்கட்டும். இன்றைய செலவு: உப்பு, விளக்கெண்ணெய், பசுவுக்கு வைக்கோல். அரிசி வாங்கவில்லை. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மத்தியானம் இவர் வந்தார். (எங்கள் வீட்டுக்காரர். வாயால் பெயர் சொல்லாதவள் பேனாவால் மட்டும் சொல்லலாமா?) ஆலங்கோட்டைத் தாலுகா கச்சேரியில் சிரஸ்தார், தாசில்தாருக்கு அடுத்த நாற்காலி. தலைப்பாகையைக் கழற்றாமலே, "ஏ, இவளே, லார்டு துரை நம்ம ஊருக்கு வாராராம்" என்றார்.

"எந்த லார்டு?"

"எத்தனை லார்டு இருக்காவ? மதராஸ் கவர்னர்தான். ஆவணியில வாராரு."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. போன ஐப்பசியும் கார்த்திகையும் மழை பொய்த்ததிலிருந்து இந்த ஊர் உயிரோடு இருப்பது சந்தைத் திடலில் சர்க்கார் ஊற்றும் கஞ்சியால்தான். அந்தக் கஞ்சித் தொட்டிக்கு ஆவணி முடிய மட்டுமே உத்தரவு. ஐப்பசி மழை வரைக்கும் நீட்டிக்க லார்டு துரையின் மனம் இளக வேண்டும். அந்த மனிதரையே முருகன் நம் வாசலுக்கு அனுப்புகிறான்.

தொழுவம் பெருக்க வரும் மாடத்தியிடம் சொன்னேன். பங்குனியில் புருஷனைப் பறிகொடுத்தவள். அவளும் மகள் இசக்கியும் அந்தத் தொட்டிக் கஞ்சியில்தான் காலம் ஓட்டுகிறார்கள்.

"அவரு கஞ்சி குடிப்பாராக்கும், தாயி?" என்றாள். "குடிச்சுப் பாத்தாருன்னா ரெண்டு உப்புக் கல்லாவது கூடப் போடச் சொல்லுவாரு."

ஆடி 25

லார்டு துரைக்கு வாசித்தளிக்க வரவேற்புப் பத்திரம் எழுதும் பொறுப்பு இவருக்கு. துரையின் பூர்வோத்தரம், பிறப்பு முதல் உத்தியோகம் வரை, கலெக்டர் ஆபீசிலிருந்து வந்திருக்கிறது. இவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் பாக்குச் சீவினேன்.

பெயர் கிளென்கார்வி பிரபு. இங்கிலீஷ்காரர் இல்லை, ஸ்காட்லாந்து என்று வடக்கே ஒரு மலைநாடு, அங்கே ஏரிக்கரையில் பரம்பரைக் கோட்டை. தகப்பனார் அந்த மலையில் குடியிருந்த ஜனங்களை அப்புறப்படுத்தி, ஆடுகளை வளர்த்து, சமஸ்தானத்தின் வருமானத்தைப் பெருக்கினாராம். மகன் இளவயதிலேயே லண்டன் பார்லிமெண்டில் உட்கார்ந்து, பிறகு கரும்பு விளையும் ஒரு தீவுக்குக் கவர்னராகி, அங்கே சர்க்கார் செலவைப் பாதியாகக் குறைத்து மிச்சம் பிடித்துக் காட்டினாராம். அதற்கு மெச்சித்தான் மதராஸ் கொடுத்தார்கள். அடுத்தது கல்கத்தாவோ, லண்டனில் மந்திரி உத்தியோகமோ என்று பேச்சு.

செலவைப் பார்க்கிற மனிதர் என்று கேட்டதும் எனக்குத் திருப்தியாக இருந்தது. கணக்கு எழுதுகிறவர்களுக்குக் கை இறுக்கமாக இருந்தாலும் மனம் நேராக இருக்கும்.

"அந்த மலைக் குடியெல்லாம் எங்க போனாவ?" என்று கேட்டேன்.

"கப்பலேறிப் போனாவளாம்."

"எந்த ஊருக்கு?"

காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "அது இதுல போடலை."

ஆடி 30

வீட்டில் வாக்குவாதம். இவர் பத்திரத்தை, 'மழை பொய்த்து, கிணறு வற்றி, பட்டினியால் மடிந்துகொண்டிருக்கும் இத்தாலுகாவின் பிரஜைகளாகிய நாங்கள்' என்று ஆரம்பித்திருந்தார்.

"வந்தவுக வாசல்ல நிக்கும்போதே சாவைச் சொல்லுவாருண்டா?" என்றேன். "பொண்ணு பாக்க வாரவுககிட்ட வீட்டுக் கடனையா சொல்லுதோம்? மங்கல வாக்கு மொதல்ல வரணும். அப்புறம் கேளுங்க, மனசு குளுந்து குடுப்பாக."

"உள்ளதைத்தானட்டி எழுதிருக்கேன்."

"உள்ளதைச் சொல்ல எடம் இருக்கு. வாசப்படியில சொல்லப்பிடாது."

தாசில்தார் ராயரும் இதையே சொன்னாராம். "உம்ம ஆத்துக்காரி வெவரமானவ, பிள்ளைவாள்" என்று வேறு சொன்னாராம். அதை இவர் சிரிக்காமல் சொன்னார்.

இப்போது ஆரம்பம் இப்படி: 'தங்கள் செங்கோல் நிழலில் மாதம் மும்மாரி பெய்து, ஏரி குளங்கள் நிரம்பி, வயல்கள் பொன் விளைந்து, குடிகள் குறையொன்றும் இன்றி வாழ்கின்ற இத்தாலுகாவின் சார்பில்.' வாசிக்கக் கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. கஞ்சித் தொட்டியை நீட்டிக்கக் கேட்கும் பாகம் கடைசியில் இருந்தது. வரவேற்பில் யாசகம் கலப்பது முறையல்ல என்று ராயர் அதை எடுத்துத் தனி மனுவாக்கி, செக்ரட்டரி துரை கையில் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

ஆவணி 6

ஊர் கலியாண வீடு போல இருக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து வண்டி வண்டியாகக் குலை தள்ளிய வாழை, கரும்பு, தென்னங்குருத்து. ரயிலடியிலிருந்து சந்தைத் திடல் வரை இரண்டு பக்கமும் நட்டிருக்கிறார்கள். நிறைகுடத்துக்கும் நிறைநாழிக்கும் எங்கள் வீட்டிலிருந்து அரிசி கொடுத்தேன். கணக்கில் தர்மச் செலவு என்று எழுதிக்கொண்டேன்.

"வாழைக்குப் போலீஸ் காவல் போட்டிருக்காவ, தாயி," என்றாள் மாடத்தி. "ஆடு தின்னுருமாம். இந்த ஊருல ஆடு எங்க இருக்கு? நாங்கதான் திங்கணும்."

எழுந்து நிற்க முடியாதவர்களை வண்டியில் ஏற்றிப் பழைய பஞ்சுக் கிடங்குக்குள் கொண்டுபோய் விட்டார்கள். துரை கண்ணில் அவலட்சணம் படக்கூடாது என்று ராயர் உத்தரவு. நிற்கக்கூடியவர்கள் குளித்துவிட்டு வரவேண்டும். இசக்கிக்கு என் பழைய பட்டுத் துணியில் பாவாடை தைத்தேன். இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டினேன். கன்னத்தில் மஞ்சள் பூசியதும் பிள்ளை களையாகத்தான் இருந்தது.

ஆவணி 9

லார்டு துரை வந்து போனார்.

பெண்களுக்குத் தட்டி மறைப்பு கட்டியிருந்தார்கள். இடுக்கு வழியாகப் பார்த்தேன். நல்ல உயரம், செம்பட்டைத் தாடி. வாழைத் தோரணத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். கஞ்சி வரிசையில் முன்னால் நின்ற இசக்கியைக் குனிந்து பார்த்து, கன்னத்தைத் தொட்டு, விரலில் ஒட்டிய மஞ்சளைக் கண்டு சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. இதை நான் எங்கேயும் சொல்லுவேன்.

ராயர் பத்திரத்தை வாசித்தார். மதராஸிலிருந்து வந்த துபாஷி ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னார். மும்மாரி வந்த இடத்தில் துரை கையை உயர்த்தி நிறுத்தினார். ஏதோ கேட்டார். துபாஷி பத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஆமென்று தலையை ஆட்டினார். துரை வாழை மரங்களைப் பார்த்தார், நிறைநாழியைப் பார்த்தார், செக்ரட்டரியிடம் திரும்பி ஏதோ சொன்னார். செக்ரட்டரி எழுதிக்கொண்டார்.

பிறகு துரை பேசியதைத் துபாஷி தமிழில் சொன்னார்: இந்தத் தாலுகாதான் மிக மோசம் என்று மதராஸில் தமக்குச் சொன்னார்களாம். மூன்று முறை மழை பெய்ததையும் செழிப்பையும் பிரஜைகளின் வாயாலேயே கேட்டது தம் உத்தியோக வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷமாம்.

ராயர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். தட்டிக்குப் பின்னால் நாங்களும் தட்டினோம்.

இவர் தட்டவில்லை. மனுவைச் செக்ரட்டரியிடம் நீட்டிக்கொண்டு நின்றார்.

ஆவணி 10

இவர் சாப்பிடவில்லை. தலைவலியாம்.

ஆவணி 27

உத்தரவு வந்துவிட்டது. ஆலங்கோட்டைத் தாலுகாவில் திருப்திகரமான மழை பெய்திருப்பதாகத் தெரிவதால், மாதக் கடைசியோடு கஞ்சித் தொட்டி நிறுத்தப்படுகிறது.

இவர் ராயரிடம் போய், மழை பெய்யவில்லை என்று உடனே எழுதுவோம் என்று சொன்னாராம். ராயர் கதவைச் சாத்திவிட்டுப் பேசியதாக இவர் சொன்னது: "பிள்ளைவாள், நீர் எழுதி, நான் வாசிச்சு, ஊர்ப் பெரியவா அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட பத்திரம். இப்போ மழையே இல்லைன்னு எழுதினா, ஒண்ணு லார்டு பொய்யர், இல்லேன்னா நாம பொய்யர். லார்டு பொய்யர் ஆகமாட்டார். எனக்கு மூணு பொண்ணு இருக்கு, ஓய்."

"அப்ப மனு?"

"மனு வேற சொல்றது, பத்திரம் வேற சொல்றது. அவா எதை நம்புவா? மேடையில வாசிச்சதைத்தான்."

மும்மாரி என்பது வாழ்த்து. 'பதினாறும் பெற்று வாழ்க' என்றால் யாராவது பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பார்களா? எந்த அரசனிடமும் இப்படித்தான் சொல்லுவது. அது மழைக் கணக்கு இல்லை என்று துரைக்குத் துபாஷி சொல்லியிருக்க வேண்டும். துபாஷியின் தவறு.

இதை இவரிடமும் சொன்னேன். 'நீதானே சொன்னாய்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

புரட்டாசி 1

தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். தெரியாமல் சட்டியோடு வந்தவர்கள் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார்களாம்.

புரட்டாசி 5

பத்திரிகை வந்தது. எண்ணெய் ஊறிய பலகாரக் கடைக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். இன்று படிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கிளென்கார்வி பிரபு, பஞ்சநிவாரணச் செலவைச் சுருக்கி, கஜானாவைக் காப்பாற்றிய திறமைக்காக லண்டனில் மந்திரி சபைக்கு அழைக்கப்பட்டிருக்கிறார். மாதக் கடைசிக்குள் புறப்படுகிறார். கொழும்பில் பழைய சிநேகிதர்களைக் காண வேண்டியிருப்பதால் ரயிலில் தூத்துக்குடி வந்து கப்பலேறுவார்.

அப்படியானால் நம் ரயிலடி வழியாகத்தான். இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நம் ஊரில் நின்றே ஆகவேண்டும்.

முருகா, இன்னொரு முறை கொண்டுவருகிறாய்.

புரட்டாசி 11

சஷ்டி விரதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். விரதம் என்று சொல்லிக்கொண்டால் என் பங்குக் கஞ்சியைக் கொல்லைச் சுவருக்கு மேல் இசக்கிக்குக் கொடுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இன்று சுவருக்கு அப்பால் அவளைத் தவிர நிறையக் கைகள் இருந்தன. கலயத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

இசக்கிக்குப் பட்டினியில் கால் வீங்கியிருக்கிறது. "சதை போட்டுட்டா எம்மவ" என்றாள் மாடத்தி. சிரிக்கத்தான் சொன்னாள்.

புரட்டாசி 16

ரயிலடியில் பிரிவுபசாரப் பத்திரம் வாசிக்க வேண்டுமாம். மறுபடியும் இவர்தான் எழுதவேண்டும். ராயருக்கு ஜுரம் என்பதால் வாசிப்பதும் இவர்தான்.

இவர் எழுதும் பலகையருகே போய் நின்றேன். "இந்தத் தடவை உள்ளதை எழுதுங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "மங்கல வாக்கு?"

"வேண்டாம்."

"உத்தியோகம் போயிரும், இவளே."

"போகட்டும்."

பழைய பத்திரத்தின் நகலை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு எழுதினார். 'எங்கள் ஊரில் ஒரு துளியும் பெய்யவில்லை. தொட்டியை மூடியதிலிருந்து ஜனங்கள் சாகிறார்கள். திரும்பத் திறக்க உத்தரவிட வேண்டும்.' அவ்வளவுதான். எனக்குப் படித்துக் காட்டினார். குரல் நன்றாகத்தான் இருந்தது.

புரட்டாசி 19

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரிசையில் நின்றேன். ரயில் வந்தது. துரை ரயில் பெட்டியின் வாசற்படியில் வந்து நின்றார்; சாதாரண அங்கிதான், பதக்கம் ஒன்றும் இல்லை. இவர் பத்திரத்தை விரித்தார். 'கீர்த்தி மிக்க பிரபுவே' என்றார். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, காகிதத்தில் இல்லாததைச் சொன்னார்: 'தாங்கள் நீடூழி வாழ்ந்து, கடல் கடந்தும் எங்களை மறவாமல்...'

கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தேன். கூட்டத்தை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது.

"மழை பெய்யலை, துரை!" என்றேன். இத்தனை வயதில் பொது இடத்தில் என் குரலை நானே கேட்டதில்லை. "ஒரு சொட்டுப் பெய்யலை. மும்மாரின்னு சொன்னது வாழ்த்து, மழை இல்லை. தொட்டியைத் தொறக்கச் சொல்லுங்க. பிள்ளைக சாவுது."

போலீஸ்காரர் கையை ஓங்கினார். துரை வேண்டாம் என்று சைகை காட்டி, துபாஷியைப் பார்த்தார். துபாஷி முழுவதையும் சொன்னார். ஒரு வார்த்தை குறைக்கவில்லை, அது முகத்தில் தெரிந்தது. துரை தொப்பியைக் கழற்றினார். ஏதோ மெதுவாகச் சொன்னார்.

துபாஷி சொன்னார்: "அம்மா, அவர் வருத்தப்படுறார். அன்னைக்கே தெரியாமப் போச்சேன்னு சொல்றார். ஆனா முந்தாநாளே மதராஸ்ல புது லார்டுகிட்ட அதிகாரத்தை ஒப்படைச்சாச்சு. இப்ப அவரால ஒரு உத்தரவும் போட முடியாது. லண்டன் போய்ச் சேர்ந்ததும் பார்லிமெண்ட்ல இதைப் பத்திப் பேசுவாராம்."

"எப்பப் போய்ச் சேருவாக?"

"மார்கழிக்குள்ள போயிடுவார்."

"அதுவரைக்கும் என்னத்தைத் திங்க?"

இதைத் துபாஷி சொல்லுமுன் வண்டி நகர்ந்துவிட்டது. துரை தொப்பியைப் போடாமலே நின்றுகொண்டு போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் சொன்னார், "அதிகாரத்தை ஒப்படைச்சது எனக்கு நேத்தே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீ சாமி முன்னால நின்னுக்கிட்டு இருந்தே. எப்படிச் சொல்ல?"

புரட்டாசி 20

மாடத்தி சாயங்காலம் வந்தாள். தொழுவம் பெருக்கவில்லை. கண்டித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி வந்திருக்கிறானாம். நாளை காலையில் எல்லோரும் தூத்துக்குடிக்கு நடக்கிறார்களாம்.

"இந்தப் பிள்ளையையும் வச்சுக்கிட்டா?" என்றேன். இசக்கி அவள் தோளில் கிடந்தாள். தலை நிற்கவில்லை. "வழி தாங்காதுட்டி. என்கிட்ட விட்டுட்டுப் போ. நான் வளக்கேன்."

மாடத்தி என்னையே பார்த்தாள். கோபமில்லை. "விட்டுட்டுப் போனா ஒங்க வீட்டுல எங்க இருக்கும், தாயி? தொழுவத்துலயா?"

அடுக்களை நினைவுக்கு வந்தது. சாமி விளக்கு நினைவுக்கு வந்தது. இவருடைய அக்காமார், எங்கள் தெரு, நாளைக்கு எங்கள் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள் என்பதெல்லாம். "இவுககிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

"கேளுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இவரிடம் கேட்டேன். "உன் அடுக்களை, நீ சொல்லு" என்றார்.

புரட்டாசி 21

இவருடைய பென்சிலால், சாலையோரச் சாவடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தப் புத்தகம் பணமுடிச்சோடு இடுப்பில் இருந்ததால் கூடவே வந்துவிட்டது. வாடகை வண்டி பிடித்துவர இவர் போயிருக்கிறார்.

விடிந்ததும் குடிசைகளுக்குப் போனேன். எல்லாம் காலி. திரும்பி வந்து, கஞ்சியைத் தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு தெருவாசல் வழியாகவே இறங்கினேன். இவர் ஏன் எங்கே என்று கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். நான் இத்தனை தூரம் நடந்தவள் இல்லை; கால் வெடித்துவிட்டது.

உச்சிப்பொழுதில் அவர்களை எட்டினோம். கூட்டம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. மாடத்தி மட்டும் இந்தச் சாவடியில் உட்கார்ந்திருந்தாள், பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு. சட்டியைப் பார்த்ததும், "கீழ வச்சுருங்க தாயி, நான் ஊட்டுதேன். நீங்க தொட்டா..." என்றாள்.

"நேத்து ஒண்ணு கேட்டியே," என்றேன். "அடுக்களையில. எனக்குப் பக்கத்துல."

அவள் இவரைப் பார்த்தாள். இவர் குடையை நகர்த்தி, நிழல் பிள்ளைமேல் விழும்படி பிடித்தார்.

"நேத்தே சொல்லிருக்கலாமே, தாயி" என்றாள் மாடத்தி.

பிள்ளையை வாங்கிக்கொண்டேன். கஞ்சித் தெளிவை விரலால் தொட்டு உதட்டில் வைத்தேன். ஓரமாக வழிந்தது. மறுபடி வைத்தேன், வழிந்தது. அதற்கடுத்த முறை தொண்டை அசைந்ததாக நான் சொல்லுகிறேன். மாடத்தி இல்லை என்கிறாள். தூரத்தில் கங்காணி, "ஏ, நடங்கட்டி! கப்பலு ஒங்களுக்காகவா காத்துக் கெடக்கும்?" என்று கத்தினான். அவள் எழுந்திருக்கவில்லை. இசக்கியின் பாதங்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டு அப்படியே இருக்கிறாள்.

வண்டிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. எனக்கு நாடி பார்க்கத் தெரியாது. மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். சுடுகிற மாதிரி இருக்கிறது. வெயில் காற்றும் சுடத்தான் செய்கிறது. கையால் காற்றை மறைத்துக்கொண்டு மறுபடி வைத்துப் பார்க்கிறேன்.